வெள்ளிக்கிழமை மாத்திரை

பெரிய மனிதர்களிடம் ஜம்புலிங்கம் 'இல்லை' என்று சொல்லி ஆம்பூரில் யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி வந்து, "இன்னாப்பா, குழி ரெடியா?" என்றால், ரெடியாகாத குழிக்கும் "ஆயிடுச்சுங்க" என்பான், மேஸ்திரி தலை மறைந்த பிறகு விழுந்தடித்துக்கொண்டு ரெடி பண்ணுவான். பள்ளிக்கூடத்து வாத்தியார், "பையன் வீட்ல படிக்கிறானா?" என்றால், புத்தகப்பை எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாமலேயே "படிக்கிறானுங்க" என்பான். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கேட்கிறவர் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான். இப்படிப்பட்டவனை ஊர் தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஜம்புலிங்கத்தையும் அப்படித்தான் சொன்னது.

யுத்தகாலத்தில் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கத் தோல் போதாமல், டேனரிகள் எல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் நெமிலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன் அவன். சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். பச்சைத் தோலில் இருக்கிற மயிர் கழலுவதற்காக அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடும் குழி. ஊறின மாட்டுத்தோலை ஒற்றை ஆள் தூக்க முடியாது. குழிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், ஆளுக்கொரு நீளக் கிடுக்கியோடு நின்று, ஒரே மூச்சில் இழுத்துக் கரையில் போட வேண்டும். அதனால் கூலியும் ஜோடிக்குத்தான். ஒருவன் வராத நாளில் மற்றவனுக்கும் குழியில் வேலை கிடையாது. தோலைப் பதம் பண்ணுகிற ஆவாரம்பட்டையைக் கூட்டி அள்ளப் போக வேண்டியதுதான். டேனரிக்குள் ஒருவனை அடையாளம் சொல்ல அப்பன் பெயர் உதவாது, ஜோடியின் பெயரைத்தான் சொல்வார்கள். ஜம்புலிங்கம் என்றால் துரைசாமி ஜோடி.

துரைசாமி வேதக்காரர், வாய் ஓயாதவர். ஜம்புலிங்கம் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசுவார். ஜம்புலிங்கத்தின் பெண்சாதி கங்கம்மாள் விஷக்காய்ச்சலில் செத்தபோது, நான்கு வயசுப் பிள்ளை தணிகைவேலைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு பாலாற்றங்கரை வரை வந்தவர் அவர்தான். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரிடமும் "பண்ணிக்கலாங்க" என்றான் ஜம்புலிங்கம். பண்ணிக்கொள்ளவில்லை. காலையில் களியைக் கிண்டி வைத்துவிட்டு டேனரிக்குப் போவதும், சாயங்காலம் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவதுமாகக் காலம் ஓடியது. சுண்ணாம்பு தின்ற விரல்களில் ஓட்டை ஓட்டையாகப் புண் இருக்கும். அந்தக் கையால்தான் பிசைந்து ஊட்டினான். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தான்.

தணிகைக்குப் பதினான்கு நடக்கும்போது அது வந்தது. முதலில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றான். பிறகு குளிக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன். சுவரில் காதை வைத்து எதையோ கேட்டுக்கொண்டு நிற்பான். இன்னாடா என்றால், "யாரோ பேசிக்கினே கீறாங்கப்பா. என்னெப் பத்தித்தான்" என்பான். ஒரு நாள் களித்தட்டைத் தள்ளிவிட்டு, "இதுல சுண்ணாம்பு கலந்துட்டியா?" என்று அப்பனைக் கேட்டான். ஜம்புலிங்கம் அன்றைக்குத்தான் பயந்தான்.

அந்தக் காலத்தில் பெரியவர்களுக்குப் புத்தி பிசகினாலே போக்கிடம் கிடையாது. மீசை முளைக்காத பிள்ளைக்கு இப்படி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வாத்தியார் சோம்பேறித்தனம் என்றார். பூசாரி, பாலாற்றில் முழுகிச் செத்த ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று வேப்பிலையால் அடித்தார்; அவள் போவதாகச் சத்தியம் பண்ணிவிட்டுப் போகவில்லை. தர்காவில் தாயத்து கட்டினார்கள். துரைசாமி தன் கோயில் பாஸ்டரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ண வைத்தார். கடைத்தெருக் கம்பவுண்டர் நரம்புத் தளர்ச்சி என்று சிவப்புத் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தான். ஆளுக்கு ஆள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோசனம். பையனுக்கு வேண்டியது அவர்களில் ஒருத்தரிடமும் இல்லை.

கடைசியில் அந்த பாஸ்டர்தான் சொன்னார். வேலூரில் ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், மனசு சரியில்லாதவர்களுக்கென்று புதிதாக ஒரு ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள்; அங்கே சங்கிலி கிடையாது, பூட்டு கிடையாது, சின்னப் பிள்ளைகளைக்கூடப் பார்க்கிறார்கள். ஆனால் வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்க வேண்டும்.

"நான் தங்கிட்டா உனுக்கு ஜோடி யாரு?" என்றான் ஜம்புலிங்கம்.

"நான் பட்டை கூட்றேன். நீ போ" என்றார் துரைசாமி.

"எத்தினி நாளு ஆவுமோ தெர்லயே."

"ஆவட்டுமேப்பா. பட்டை இன்னா என்னெக் கடிச்சா துன்னுடும்?"

கடிக்கத்தான் கடித்தது. பட்டைத் தூசியில் துரைசாமிக்கு அன்றைக்குப் பிடித்த இருமல் பிறகு விடவேயில்லை. அதை அவர் ஜம்புலிங்கத்திடம் சொல்லவுமில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரு அறை கொடுத்தார்கள், வெளியே அடுப்பு வைத்துக்கொள்ள இடமும் கொடுத்தார்கள். பார்த்தது ஒரு டாக்டரம்மா. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவனை நிற்க வைத்துப் பேசவில்லை. பெஞ்சியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஜம்புலிங்கம் தோல் நாற்றம் அடிக்குமே என்று நகர்ந்து நகர்ந்து பெஞ்சியின் கோடிக்கே போய்விட்டான். தினமும் மாத்திரை கொடுத்தார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் தணிகை தூங்க ஆரம்பித்தான். கார்த்திகையில் கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்றான். மார்கழியில் ஒரு நாள், அப்பன் சுட்ட தோசையைத் தூக்கிப் பிடித்து, "இது தோசையாப்பா, இல்ல டேனரிலேர்ந்து எட்த்தாந்தியா?" என்று சிரித்தான். ஜம்புலிங்கம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். கங்கம்மாள் செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுய்யா. பையனைத் தனியா விடாதீங்க. கை சும்மா இருக்காம ஏதாவது சின்ன வேலை கொடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. பாதி வைத்தியம்தான் என்னோடது, மீதி உங்களோடது. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

உன்னை நம்புகிறேன் என்று அதுவரைக்கும் ஜம்புலிங்கத்திடம் யாரும் சொன்னதில்லை. அதுவும் இவ்வளவு படித்த ஒரு அம்மா. அந்தச் சொல்லைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் வந்து சேர்ந்தான். இங்கேதான் சனி பிடித்தது.

தனியாக விடக் கூடாது என்றால் யாரிடம் விடுவது? வீட்டில் பொம்பளை இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இவன் ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷனோடு சேர்ந்து இருந்தது குழிக்கரையில்தான். கூடவே இருப்பது என்றால் அவனுக்கு ஜோடியாக இருப்பதுதான். வேறு மாதிரி யோசிக்க அவனுக்கு வழியில்லை. மகனை ஜோடி சேர்த்துக்கொண்டால் கண்ணெதிரே இருப்பான், வேலையும் ஆச்சு. டாக்டரம்மா சொன்னது எல்லாம் சரியாக வந்துவிடுகிறது. மேஸ்திரி முனீர் அகமதுவிடம் போய், பையனுக்கு மஞ்சள் காமாலை, இப்போது தேவலை என்று சொல்லி இடம் கேட்டான். மேஸ்திரியும் கொடுத்துவிட்டார்.

விஷயத்தைத் துரைசாமியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. துரைசாமி கிடுக்கியை எடுத்துக்கொண்டு வழக்கமான குழிக்கு வந்தபோது, அந்தப் பக்கம் தணிகை நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா ஜம்பு இது?"

"டாக்டரம்மா கூடவே வச்சிக்கச் சொன்னாங்க."

"சொன்னாங்க, சரி. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

துரைசாமி கிடுக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பட்டைக் கொட்டகைப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு எதிரே வந்தால் பேசுவார், ஆனால் தேடி வந்து பேசமாட்டார். நல்ல யோசனை சொல்ல இருந்த ஒரே ஆளையும் ஜம்புலிங்கம் இப்படியாகத் தொலைத்தான்.

மாத்திரை சாப்பிட்டால் தணிகைக்குக் கை நடுங்கும், கண் சொருகும். அது மருந்தின் குணம், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் அவர் நினைத்த சின்ன வேலை கூடை பின்னுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சுண்ணாம்புக் குழியை அவர் கண்டாரா? வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் கிடுக்கி பையனின் கையிலிருந்து நழுவியது. கனத்த தோல் சரிந்து அவனையும் சேர்த்து இழுத்தது. ஜம்புலிங்கம் குழியைச் சுற்றி ஓடிப்போய் அரைஞாண் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டான். கயிறு அறுந்திருந்தால் பிள்ளை இல்லை.

முனீர் அகமது ஓடிவந்தார். "யா அல்லா! பையன் நின்னுக்கினே தூங்குறான், இன்னாப்பா பேஜார் இது? லைம்ல வுழுந்தா கண்ணு மூக்கு மிஞ்சுமா? நாளைக்கும் இப்டி இருந்தா சேத்துக்க மாட்டேன், ஆமா."

"நாளைக்கு சரியாயிடுவாங்க" என்றான் ஜம்புலிங்கம்.

அன்றைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. மறுநாள் பையன் கை நடுங்கவில்லை, கண் பளிச்சென்று இருந்தது, தோலை அப்பனுக்குச் சமமாக இழுத்தான். மாத்திரையே வேண்டாம் என்று ஒரேயடியாக விட ஜம்புலிங்கத்துக்கு மனசில்லை. டேனரி முதலாளி சாயபு, அதனால் வெள்ளிக்கிழமை லீவு. வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்று, வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று என்று கொடுத்தான். வேலை நாளுக்கு உண்டானதை எறிந்துவிடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தான். மாத்திரையைப் பதுக்கினது பிள்ளையைக் காப்பாற்றத்தான், வேறு எதற்கும் இல்லை. ஒரு பக்கம் சுண்ணாம்புக் குழி, ஒரு பக்கம் வியாதி. கண்ணுக்குத் தெரிந்தது குழி. அதனால் குழியிலிருந்து காப்பாற்றினான்.

மாசாமாசம் வேலூருக்குப் போவதும் வெள்ளிக்கிழமைதான். முதல் நாள் சாயங்காலமே மாத்திரை போட்டிருப்பதால் பையன் நடுங்குகிற கையோடு டாக்டரம்மா முன்னால் உட்காருவான். அவரும் மருந்து ஒழுங்காக உள்ளே போகிறது என்று நினைத்துக்கொள்வார். "தவறாம கொடுக்கறீங்கல்ல?" "குடுக்கறேம்மா." கேட்டவர் மனசு குளிர்ந்தது. ஜம்புலிங்கத்துக்கும் அது பொய் மாதிரி தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை கொடுத்தது நிஜம்தானே.

பங்குனி வரைக்கும் நன்றாகவே போயிற்று. நல்ல ஜோடி என்று மற்றவர்கள் சொன்னார்கள். சித்திரை வெயில் ஏறும்போது தணிகைக்கு மறுபடியும் தூக்கம் கெட்டது. குழியைக் குனிந்து குனிந்து பார்த்தான். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சோற்றுக்குப் போன நேரத்தில், கரையில் கிடந்த ஈரத்தோல்களை வரிசையாக விரித்து, தன் சட்டையைக் கழற்றி ஒன்றின் மேல் போர்த்தி, மற்றவற்றுக்குக் கோணிப்பைகளைத் தேடி எடுத்துவந்து மூடிக்கொண்டிருந்தான். "அதுங்களுக்குக் குளுருதுப்பா. அழுவுறது உனுக்குக் கேக்கலியா?" என்றான், ஓடிவந்த அப்பனிடம். கோணியை எடுக்க வந்த ஆளைக் கிடுக்கியால் அடித்தான். அவன் மண்டை உடைந்தது.

மேஸ்திரி சத்தம் போடவில்லை. "ஜம்பு, இது காமாலை இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். அன்றோடு பையனுக்கு டேனரி வாசல் மூடியது. ஜம்புலிங்கத்துக்கும் ஜோடி இல்லை. துரைசாமி கூட்டிக்கொண்டிருந்த பட்டையை இப்போது இவனும் கூட்டினான். மறுபடியும் ஜோடி சேரலாமா என்று அவரைக் கேட்க இவனுக்கு முகமில்லை.

வேலூருக்குக் கூட்டிப்போனான். பஸ்ஸில் ஏற்றுவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா தணிகையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பையன் அவரை யார் என்றே தெரியாத மாதிரி ஜன்னலோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அய்யா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரை ஒரு நாளாவது விட்டுப் போச்சா?"

கதவு திறந்தது அந்த இடத்தில்தான். உள்ளே போக வேண்டியது மட்டும்தான் பாக்கி. விட்டுப் போச்சும்மா, குழிக்கரையில் விழுந்துடுவான்னு நான்தான் கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால், என்ன செய்திருப்பார்? திட்டியிருப்பார், நன்றாகத் திட்டட்டுமே. திட்டிவிட்டு மறுபடியும் அறை கொடுத்திருப்பார், மறுபடியும் பையன் உப்பு போதவில்லை என்று சொல்லியிருப்பான். ஜம்புலிங்கம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். உங்களை நம்பித்தான் அனுப்பறேன் என்று சொன்ன முகம்.

"இல்லம்மா. ஒரு நாளும் வுடல."

"நிச்சயமா?"

"சாமி சத்தியமா."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்படின்னா இந்த மருந்து இவனுக்கு ஒத்துக்கலைன்னுதான் அர்த்தம். சிலருக்கு அப்படித்தான் ஆகுது, உங்க தப்பு ஒண்ணும் இல்ல. இதுக்கு மேல அளவைக் கூட்ட முடியாது. மாத்திரையை நிறுத்திடலாம். மதராஸ்ல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, எழுதித் தர்றேன். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்யா. மன்னிச்சுக்கங்க."

அவர் மன்னிப்புக் கேட்டதுதான் இவனைக் கொன்றது. வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அழுதபடி உள்ளே வந்துவிட்டாள். ஜம்புலிங்கம் கும்பிட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

மதராஸுக்குப் போகவில்லை. அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று ஆம்பூரில் பேச்சு. பேச்சு உண்மையா பொய்யா, பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாரும் இல்லை, ஆனாலும் நம்பினான். வேலைக்குப் போகும்போது மகனின் காலைக் கயிற்றால் தூணோடு கட்டிவைத்தான். சாயங்காலம் வந்து அவிழ்த்து, கயிறு அறுத்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினான். சங்கிலி கிடையாது, பூட்டு கிடையாது என்று சொன்ன இடத்தைத் தேடிப் போனவன் வீட்டில் இப்படி ஆயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை பிஸ்கட் டப்பா ஞாபகத்துக்கு வந்தது. திறந்து பார்த்தான். பாதிக்குமேல் மாத்திரை இருந்தது. இழப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று தினமும் கொடுத்தான், குழி வேலை இல்லையே, கை நடுங்கினால் நடுங்கட்டும். வைகாசி முடிவதற்குள் தணிகை தூங்கினான். ஆனி பிறந்ததும், "அப்பா, கால்ல கட்டாதப்பா. நான் எங்கியும் போவ மாட்டேன்" என்றான். சொன்னபடி போகவும் இல்லை. வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கி வைத்தான்.

பிள்ளை நாளுக்கு நாள் தேறினான். மருந்து ஒத்துக்கொண்டது. எப்போதும் ஒத்துக்கொண்டுதான் இருந்தது. இது இவனுக்குத் தெரியும், தெரிய வேண்டியவருக்குத் தெரியாது.

சொல்லிவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனான். டாக்டரம்மா தாழ்வாரத்தில் யாரோ ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது கேட்டிலிருந்தே தெரிந்தது. சாமி பேரில் சத்தியம் பண்ணினவன் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? மஞ்சள் காமாலை என்று மேஸ்திரியை ஏமாற்றினது, துரைசாமியை மோசம் பண்ணினது, எல்லாம் சேர்ந்து காலைப் பிடித்துக்கொண்டன. காவல்காரர் வந்து, "யாரைப் பாக்கணும்யா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். மடையன் என்று திட்டத் தோன்றுகிறதா? திட்டுங்கள். அவனே அவனை அதைவிடக் கேவலமாகத் திட்டிக்கொண்டுதான் வந்தான்.

ஆடி மாசத்தில் டப்பா காலியாயிற்று. சாயங்காலச் சோறு தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்த தணிகை, எப்போதும் போல் உள்ளங்கையை நீட்டினான்.

"மாத்திர குடுப்பா."

"இல்லடா."

"ஏம்ப்பா?"

ஜம்புலிங்கம் தட்டுகளை அடுக்கினான். அடுக்கினதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினான்.

"டாக்டரம்மா போதும்னு சொல்லிட்டாங்கடா."

நீட்டின கை மெதுவாக மடங்கியது.

"அப்ப எனுக்கு நல்லாயிடுச்சாப்பா?"

"நல்லாயிடுச்சுடா."

"இனிமே அந்த சத்தம்லாம் வராதா?"

"வராதுடா."

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்தான். நாளைக்குக் காலையில் குளித்துவிட்டு, துரைசாமி மாமா வீட்டுக்குப் போய் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னான்.